வெள்ளையம்மா கொட்டிய சாம்பார்

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க வீதியில எல்லாருக்கும் தெரியும். பதினாலு வருசமா பேக்கரி வெச்சு டீ ஆத்தறவளுக்கு வாய் இல்லாட்டி பொழைக்க முடியுங்களா? ஆனா இது என் கதை இல்லீங்க. பக்கத்துக் கடை வெள்ளையம்மா கதை.

அவ சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. இருபது வருசத்துக்கு முந்தி புருசன் பொன்னுச்சாமியோட திருப்பூர் வந்தவ. பனியன் கம்பெனி செக்கிங்ல நின்னு நின்னு கால் வீங்கிப்போயி, ஆறு வருசமா மெஸ் நடத்தறா. பெருமாநல்லூர் ரோட்டுல லிங்கசாமி முதலாளி கம்பெனியில நூத்தி இருபது பேருக்கு மத்தியானச் சோறு அவ கையாலதான். அந்த ஆர்டர் போச்சுன்னா கடையை மூடிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்னு எங்கிட்ட எத்தனையோவாட்டி சொல்லியிருக்கா. பொன்னுச்சாமிக்குச் சாயப்பட்டறையில மூட்டை தூக்கற வேலை.

வெள்ளிக்கிழமையானா அவ ஒரு பொழுது. பொழுது எறங்கற வரைக்கும் தண்ணி தவிர எதையும் வாயில வெக்க மாட்டா. ஆக்குனதை ருசி பாக்கறதும் இல்லை, எல்லாம் கையளவுதான். ருசி பாக்காம ஊருக்கே ஆக்கிப் போடறியே, உனக்கு எம்புட்டு ஏத்தம்னு நான் கேலி பண்ணாத வெள்ளிக்கிழமை கிடையாது. ஒரு நாளும் உப்பு கூடினதும் இல்லை, குறைஞ்சதும் இல்லை. அதையும் சொல்லோணுமில்லைங்க.

போன வருசம் ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை. பன்னெண்டே காலுக்கு ஆட்டோவுல சோத்தை ஏத்தி அனுப்பிட்டா. வழக்கம்போல எனக்கு ஒரு கிண்ணம் சாம்பார் வந்துச்சு. ஒரு வாய் வெச்சேன். உப்பே உறைக்கல, நாக்குக்கு அடியில ஒரு கசப்பு. துப்பிட்டு நேரா அவ அடுப்படிக்குப் போயி, இது சாம்பாரா கசாயமாடின்னு சத்தம் போட்டேன்.

அவ உப்பு ஜாடியைத் தொறந்தா. வெள்ளையா, தூள் உப்பு மாதிரியேதான் இருந்துச்சு. விரதத்தையும் பாக்காம நாக்குல ஒரு துளி வெச்சவ முகம் வெளுத்துப்போச்சு. புருசனுக்குப் போன் போட்டா. காலையில உப்பு தீந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வாய்யான்னு சொல்லியிருக்கா. அந்த மகராசன் சோம்பல்பட்டுக்கிட்டு, கொல்லையில களைச்செடி கருகறதுக்குன்னு பட்டறையிலிருந்து கொண்டாந்து வெச்சிருந்த சாக்குல இருந்து ஜாடியை ரொப்பிட்டுப் போயிட்டான். சாயம் ஏறறதுக்குப் பட்டறையில ரெண்டு உப்பு போடுவாங்க. ஒண்ணு நாம சோத்துல போடறதுதான். இன்னொண்ணு வயித்தைக் கலக்கி அடிக்கற சரக்கு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். இவன் கொண்டாந்தது ரெண்டாவது. கூறுகெட்டவன்!

ஆட்டோக்காரன் போனை எடுக்கல. கம்பெனிக்குள்ள போறவங்க போனையெல்லாம் கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க. ஆபீஸ் நம்பரையும் யாரும் எடுக்கல. அன்னைக்குத் துணி வாங்கற வெளிநாட்டு பையர் ஆளுங்க கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வர்றாங்கன்னு அப்பத்தான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல். அவ ஜாடியைக் கக்கத்துல இடுக்கிட்டு என் வண்டியில ஏறிட்டா.

வழியெல்லாம் நான் சொல்லிட்டே போனேன். ஊசிப்போச்சுன்னு சொல்லிக் கொட்டிப்போடு, பட்டறை உப்புன்னு வாயைத் தொறந்தா உனக்கு ஆர்டர் போச்சு, மூட்டையில கை வெச்சான்னு உம்புருசனுக்கும் வேலை போச்சு. அவ என் தோளை இறுக்கிப் புடிச்சிருந்தா, அவ்வளவுதான்.

கேட்டுல வாட்ச்மேன் ஆறுச்சாமி மறிச்சுட்டார். ஆடிட் முடியற வரைக்கும் வெளியாளுக்கு அனுமதி இல்லைன்னு ஒரே புடி. நான் அவரோட மல்லுக்கு நிக்கையில வெள்ளையம்மா அவர் கைக்கு அடியில பூந்து ஓடிட்டா. மணி பன்னெண்டு அம்பத்தஞ்சு. நானும் பின்னாடியே ஓடுனேன்.

கேன்டீன்ல தட்டையெல்லாம் வரிசையா வெச்சு ஊத்தறதுக்குக் கரண்டியை எடுத்துட்டாங்க. அவ சாம்பார் அண்டாவை ரெண்டு கையாலயும் சாய்ச்சா. அடுத்து ரசத்தை. தரை பூரா ஓடுச்சு. லிங்கசாமி முதலாளி, கோட்டுப் போட்ட ஆடிட்காரங்க ரெண்டு பேர், எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க.

அப்பத்தான் மூலையில, அந்தக் கம்பெனியில வேலை பாக்கற அனுசுயாவைப் பாத்தோம். ஏழு மாசம் அந்தப் புள்ளைக்கு. தட்டு பாதி காலி. மாசமா இருக்கறவங்களுக்குப் பெல்லுக்குக் கால் மணி முந்தியே சோறு போடோணும்னு சண்டை போட்டு அந்தப் பழக்கத்தைக் கொண்டாந்ததே வெள்ளையம்மாதானுங்க.

சோறு கெட்டுப்போச்சான்னு முதலாளி கேட்டார். ஆமாங்க, ஊசிப்போச்சுங்கன்னு நான் முந்திக்கிட்டேன்.

"இல்ல மொதலாளி," அவ ஜாடியை நீட்டினா. "சாயப்பட்டறை உப்பைப் போட்டுட்டேன். இந்தப் புள்ள தின்னுருச்சு. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்க."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள அனுசுயாவுக்கு வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. டாக்டரம்மா ஜாடியை வாங்கிப் பாத்து, என்ன சரக்குன்னு பட்டறையில போன் போட்டுக் கேட்டு, குளுக்கோஸ் ஏத்தினாங்க. குழந்தைக்கு நாடி நல்லாத்தான் இருக்குதுன்னு அவங்க சொல்றதுக்கு நாலு மணி ஆயிப்போச்சு. அது வரைக்கும் வெள்ளையம்மா உக்காரவே இல்லை.

அஞ்சு மணிக்கு லிங்கசாமி முதலாளி வந்தார். கெட்ட மனுசன் இல்லைங்க, குரலைக்கூட ஒசத்தல.

"உங்ககூட வந்தவங்க ஊசிப்போச்சுன்னு சொன்னாங்களே, நீங்களும் அதையே சொல்லியிருந்தா திங்கக்கிழமையும் உங்க சோறுதானுங்க. ஆடிட்காரங்க முன்னாடி சாயப்பட்டறைன்னுட்டீங்க. இனி என்னால ஆகாதுங்க."

வெள்ளையம்மா தலையாட்டினா. அப்புறம் மெதுவாத்தான் கேட்டா.

"என்னத்தைத் தின்னுச்சுன்னு டாக்டரம்மா கேட்டாகளே மொதலாளி. அவுககிட்டயும் ஊசிப்போச்சுன்னா சொல்லச் சொல்லுதீக?"

அவர் வெளிய பாத்து நடந்துட்டார். அவராவது முதலாளி, அவருக்குக் காப்பாத்தக் கம்பெனி இருக்குது. அந்தப் பாதித் தட்டைக் கண்ணால பாத்துட்டே பொய் சொன்னவ நானுங்க, ரெண்டு புள்ளை பெத்தவ.