மூவரோடு நடப்பவர்

திரையில் அந்த மூவரும் நடக்கத் தொடங்கினால் பஸ் டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அவர்கள் நடையை நிறுத்தும்வரை ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்தால் இவரும் உட்காரலாம். அறுவை சிகிச்சை செய்த இடது முழங்காலுக்கு அவரே போட்ட சட்டம் இது. ஒன்பது வாரமாக ஒருநாளும் மீறவில்லை.

அது மகள் பார்த்துக்கொண்டிருந்த தொடர். ஜப்பான் மொழியில் சாமுராய் கார்ட்டூன். முனை உடைந்த வாளோடு ஒரு பையன், முதுகில் மேளம் சுமக்கும் ஒரு பெண், வழி கேட்டால் தவறாமல் எதிர்த்திசையைக் காட்டும் ஒரு குட்டித் திருடன். மூவர் வயதையும் கூட்டினாலும் டிரைவரின் வயது வராது. "ஏழு கழுதை வயசாச்சு, பொம்மைப் படம் கேக்குது" என்று மனைவி காலை வாரிப் பார்த்தாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

எல்லோரும் வாய்பிளந்து பார்க்கும் வாள்சண்டை அவருக்கு வெறும் ஓய்வு நேரம். "சண்டை யாரு வேணா போடலாம். விடிஞ்சா எந்திரிச்சு நடக்குறானுங்களே, அந்தக் காலைப் பாரு" என்பார். வரைந்தவன் கெட்டிக்காரன், மேட்டில் ஏறும்போது மூன்று பேரின் மூச்சையும் வேறு வேறாக வரைந்திருக்கிறான் என்று தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோவார். அடியில் ஓடும் எழுத்துகளை நடந்துகொண்டே படிக்க முடியாது. அதைப்பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. கூடவே நடப்பவனுக்குப் புரியாதா என்ன!

ஒன்பதாவது பாகத்தில் அந்தப் பெண்ணின் செருப்பு வார் அறுந்துபோகிறது. மேளத்திலிருந்து ஒரு கயிற்றை உருவிக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். அதை நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார். மறுநாள் தன் முழங்கால் பட்டையின் ஒட்டு விட்டுப்போனபோது, புதிது வாங்க விடாமல் ஷூ கயிற்றால் கட்டிக்கொண்டார்.

நடையெல்லாம் சரிதான். எழும்போதுதான் வம்பு. கை தானாக நாற்காலிப் பிடியைத் தேடிப்போகும். டிப்போ டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: மறுபடி பஸ் ஓட்டலாமா என்று பார்க்கும் சோதனையன்று எதையும் பிடிக்காமல் இருக்கையிலிருந்து எழ வேண்டும், இல்லாவிட்டால் இனி டிக்கெட் கவுண்டர்தான். "கண்ணாடிக் கூண்டுல உக்காந்து சீட்டுக் கிழிக்கவா இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் புடிச்சேன்? முடியாது" என்றார் டிரைவர். அன்றிலிருந்து அவர் எழும்போதெல்லாம், மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "அப்பா, கை" என்பாள். அவர் மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுவார். கை மறுபடி பிடிக்குப் போகும்.

சோதனைக்கு முந்தின நாள் கடைசி பாகம். பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவரும் உட்கார்ந்தார். பெண் மேளத்தை ஒருமுறை மெல்லத் தட்டினாள். திருடன், வாழ்க்கையில் முதல்தடவையாக, சரியான திசையைக் கை நீட்டிக் காட்டினான். உடைந்த வாளைச் செருகிக்கொண்டு பையன் முதலில் எழுந்தான்.

"அப்பா" என்று தொடங்கிய மகள், திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவர் இரண்டு கைகளாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, எதிர்ச் சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.