ஆணியில் நின்ற சக்கரம்

புனிதர் சான் இசித்ரோ திருவிழாவின் ஒன்பதாம் நாள். கடைசி நாளும் அதுதான். புல்வெளியில் நின்று நின்று கசில்டாவின் முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. முதுகில் சுமந்து வந்த இடுப்புயரச் சிவப்புத் தகர டப்பாவை இறக்கி வைத்து, அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். உள்ளே பார்கீயோ என்கிற மொறுமொறு இனிப்புச் சுருள் இன்னும் முப்பது கிடந்தது. காலையில் புருஷன் யூசேபியோ சூடான இரும்பில் மாவை வார்க்க, இவள் விரல் பொசுங்கச் சுருட்டியவை. டப்பா காலியானால் நாளை முழுக்கப் படுத்தே கிடக்கலாம். மிஞ்சினால், நமுத்துப்போவதற்குள் விற்க நாளையும் பூங்கா வாசலில் நின்றாக வேண்டும். கூட்டமோ கலைந்துகொண்டிருந்தது.

டப்பா மூடியின் மேல் எண் போட்ட சக்கரம் இருக்கும். ஒரு தரம் காசு கொடுத்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றலாம். விழுந்த எண்களையெல்லாம் கூட்டிச் சுருள் தருவாள். ஆணி அடித்த கட்டத்தில் நின்றால் அத்தனையும் போச்சு.

அச்சுக்கூடத்து நிகாசியோ, கட்டிக்கப்போகிற பெண் ரெமேயோடு வந்து சுற்றினான். ஏழு. அப்புறம் ஒன்பது. அப்புறம் பன்னிரண்டு.

"இருபத்தெட்டாச்சு. போதும் தம்பி, எடுத்துட்டுப் போ," என்றாள் கசில்டா. முப்பது வருஷத்தில் அவள் வாயில் வராத பேச்சு.

நிகாசியோ கண்ணைச் சுருக்கினான். "பாத்தியா ரெமே, விக்கிறவங்களே நிறுத்தச் சொல்றாங்க. அடுத்தது பெரிய நம்பரு."

"எனக்குக் கால் வலிக்குதுடா. வேற ஒண்ணும் இல்ல."

"அக்கா பயந்துட்டாங்க," என்று சிரித்தாள் ரெமே. "சுத்து, எங்கம்மாவுக்கும் சேத்து."

சுற்றினான். ஆணியில் விழக் கூடாதே என்று கசில்டா புனிதரை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். சக்கரம் தயங்கித் தயங்கி, ஆணியிலேயே போய் நின்றது.

"பாதியாவது குடுங்கக்கா," என்றாள் ரெமே. "நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க?"

பாதி என்ன, இருபத்தெட்டையும் எடுத்து நீட்டிவிட்டால் நாளைக்குத் தூக்கம். கசில்டாவின் கை மூடிவரை போனது. போன வருஷம் பங்குச் சாமியாருக்கே ஆணியை விட்டுக்கொடுக்காத கை அது.

"ஆணின்னா ஆணிதான். வேணும்னா மறுபடி காசு குடுத்துச் சுத்து."

"இருந்த காசு அவ்வளவுதான்," என்றான் நிகாசியோ. இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே போனார்கள்.

கசில்டா டப்பாவைத் தோளில் மாட்டி, பாலம் தாண்டி, மேட்டுத் தெருவில் நான்கு இடத்தில் நின்று நின்று வீடு சேர்ந்தாள்.

"காலியா?" என்று கேட்டார் யூசேபியோ.

"முப்பது இருக்கு."

"ஒருத்தரும் வரலியா?"

"ஒருத்தன் வந்தான். நான் ஜெயிச்சிட்டேன்." செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தாள். "காலைல எழுப்பிவிடுங்க."