கனேலோவுக்குக் கால் ஊன்ற ஓர் ஓடு

கர்தாகோ நகரத்தில் சொராய்தா வீட்டுச் சிமெண்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். சனிக்கிழமை தவறாமல் சிவப்பு மெழுகு பூசி, தேய்க்கும் மெஷினை ஓட்டி முடித்தால்தான் அவளுக்குக் காபி உள்ளே இறங்கும். தரை மங்கினால் வீட்டுக்காரி சோம்பேறி என்று தெருவே தீர்மானித்துவிடும். தெருவும் லேசுப்பட்டதில்லை.

மூன்று நாய்களின் நகம் பட்டுத் தரை கோடு கோடாகிவிட்டது. டிசம்பர் போனஸில் நகத்துக்கு மசியாத தரை ஓடு போட நினைத்தாள். ஆனால் மனசு அதில் இல்லை. நாய்களில் மூத்தவன் கனேலோவால் எழ முடியவில்லை. புருஷன் செத்துப்போன வருஷம் அவள் பக்கத்திலேயே கிடந்து அவளை வாழ வைத்தவன் அவன். இப்போது நிறுத்தினால் நான்கு காலும் நான்கு திசைக்குப் போகிறது. வயிற்றில் துண்டு கொடுத்துத் தூக்கித்தான் வெளியே கொண்டுபோவாள். வீட்டுக்கு வந்து பார்த்த கால்நடை மருத்துவர், வெள்ளிக்கிழமை ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டார். விடைகொடுக்க ஆட்கள் வருவார்களே என்று, அந்த வாரம் இரண்டு முறை மெழுகு பூசினாள் சொராய்தா.

புதன்கிழமை ஓடு பதிக்கும் வில்பெர்த் மாதிரிகளோடு வந்தான். வாசலில் கால் வைத்தவன் வழுக்கி, கதவைக் கட்டிக்கொண்டு தப்பினான்.

"தோன்யா சொராய்தாம்மா, ஓடு போட வந்தேன், என்னைச் சவப்பெட்டியில போட்டு அனுப்பிடாதீங்க!"

பிறகு கனேலோவைப் பார்த்தான். கனேலோ எழ முயன்று, சறுக்கி, மறுபடி படுத்தான்.

"என்னாலயே நிக்க முடியல. இவரு எப்படி நிப்பாரு?"

"அவருக்கு இடுப்பு போயிடுச்சுப்பா."

"இருங்க, பாப்போம்."

அவள் ஆசையாக எடுத்து வைத்திருந்த பளபள ஓட்டை ஒதுக்கிவிட்டு, பையின் அடியிலிருந்து சொரசொரப்பான நான்கை எடுத்தான்.

"இதா? இது மாட்டுக்கொட்டகைக்குப் போடுறதாச்சே!"

வில்பெர்த் மண்டியிட்டான். நான்கையும் நாயின் பாதங்களுக்கு அடியில் தள்ளினான். கனேலோ நகத்தை ஊன்றினான். உடம்பு நடுங்கியது. எழுந்தான். நின்றான். வாலையும் ஆட்டினான்.

சொராய்தா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பேசுவது நாயோடு ஆனாலும் அவள் தெருவில் 'நீங்க' என்ற மரியாதைதான்.

"இத்தனை நாளும் மெழுகைப் பூசிப் பூசி நான்தான் உங்களை விழ வச்சேன். ஒரு தடவைகூட என்னைப் பாத்து உறுமலையே நீங்க."

மருத்துவருக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். வீடு முழுக்க அந்தச் சொரசொரப்பு ஓடே வந்தது. வில்பெர்த்துக்குக் கூலியோடு, வாழையிலையில் கட்டி அவித்த சோளமாவுத் தமால் ஒரு டஜன் போனது. எதிர்வீட்டு நியேவெஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, மினுக்கே இல்லையே சொராய்தா! ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

சொராய்தா அதற்குள் உள்ளே திரும்பிவிட்டாள். கனேலோ தானாகவே நடந்து அடுப்பங்கரைக்கு வந்து, பாலாடைக்கட்டிக்காக நின்றுகொண்டிருந்தான்.