துண்டு தொங்கிய நேரம்

சென்ற வாரம் என் மருமகள் ஒரு பழைய சிவப்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "மாமா, இது நைஞ்சு போச்சுங்க. அடுப்படியில சட்டி எறக்க எடுத்துக்கவா?" என்று கேட்டாள். "வை அதை!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்க் கொடியிலேயே போட்டுவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் நானா கடையில் நான் வாங்கிய துண்டு அது. வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அதை நான் தோளில் போட்டதில்லை, தலை துவட்டியதும் இல்லை. ஒரு கதவில் தொங்கவிடுவதற்கென்றே வாங்கினேன்.

அப்போது நான் கித்துல்கலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. பெயர்தான் பெரியது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கடிதத்தை முழுசாக எழுதி முடிக்க வக்கில்லாத பிழைப்பு அது. "டியர் சார்" என்று எழுதி முடிப்பதற்குள் துரையின் மணி அடிக்கும். திரும்பி வந்தால் பெரிய கங்காணி நிற்பார். அவர் போனால் ஸ்டோர்க்காரர், அவர் போனால் மாட்டுவண்டி ஓட்டும் கரத்தைக்காரன், அவனுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கும் லயத்துச் சண்டை ஒன்று அப்படியே நடந்து ஆபீஸ் வாசலுக்கு வரும். கொழும்புக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரே வரியை இரண்டு முறை எழுதிவிட்டேன் என்று துரை என்னை எல்லார் முன்னாலும் முட்டாள் என்றார். அன்றைக்கு மூண்ட எரிச்சலில் ரம்புக்கனைக்குப் போன சமயம் அந்தத் துண்டை வாங்கினேன். பகல் பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அது ஆபீஸ் கதவில் தொங்கும். அது தொங்குகிற நேரத்தில் துரையைத் தவிர எவரும் உள்ளே வரக்கூடாது, கூப்பிடவும் கூடாது. வாசலில் பியூனை நிறுத்தினேன். அவன் குறும்புக்காரன், வாயாடி. ஆனால் சொன்ன சொல்லைத் தட்டாதவன்.

எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. பொய் சொல்வானேன்? ஒரு மாதத்துக்குள் என் கடிதங்களில் பிழை என்பதே இல்லாமல் போயிற்று. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் பேனா தானாக ஓடும். வெளியே ஆட்கள் பலா மரத்தடியில் காத்துக் கிடப்பது தெரியும். கிடக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷம் நான் காத்துக் கிடக்கவில்லையா?

தோட்டத்தில் துண்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் ஆட்களுக்கு ஆபீஸிலிருந்து எழுதித் தரும் எந்தச் சீட்டும் துண்டுதான். தோட்டத்தை விட்டுப் போகிறவன் கையில் வாங்கிப் போவதும் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் அவனைச் சேர்க்க மாட்டார்கள். நோயாளியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்துக் கரத்தையைப் பூட்டச் சொல்லி எழுதுவதும் துண்டு. அந்தத் துண்டைக் காட்டாமல் கரத்தைக்காரன் மாட்டை அவிழ்க்க மாட்டான்.

ஏழாம் லயத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அந்த நாளில் அவன் என்றுதான் சொல்வேன். இப்போது அவர் என்று எழுதக் கை வருகிறது. இவ்வளவு தாமதமாக வரும் மரியாதையை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒல்லியான மனிதர், உரத்துப் பேசி எவரும் கேட்டதில்லை. காலை வெட்டை முடித்துப் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, பதினொன்றேகால் மணி அளவில் அவர் ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்தார். ஓடி வந்த மூச்சிரைப்பு எனக்கு உள்ளே கேட்டது. "வீட்டுல சரியில்லீங்க. ஐயாகிட்ட ஒரு துண்டு வாங்கணுங்க" என்று அவர் பியூனிடம் சொன்னதும் கேட்டது.

ஏழாம் லயத்தில் அந்த வாரம் ஒரே சச்சரவு. கங்காணியோடு மோதிக்கொண்டு, தோட்டத்தை விட்டுப் போகத் துண்டு கேட்டு மூன்று குடும்பம் முதல் நாள்தான் வந்து போயிருந்தது. இவனும் அந்த வகையறா, வீட்டில் ஏதோ சண்டை, கிளம்பப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பியூனும் அப்படித்தான் நினைத்தான். "துண்டு தொங்கையில துண்டு கேட்டு வந்திருக்கியா? போய் மரத்தடியில குந்து" என்றான். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்து நானும் சிரித்தேன். ரப்பர் பாலை உறையவைக்கும் திராவகம் இரண்டு ஜாடி குறைந்து வந்திருக்கிறது என்று கொழும்புக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அழகான கடிதம். அதில் ஓர் அடித்தல் கிடையாது.

வீட்டுல என்றால் மனைவி. தன் மனைவியின் பெயரைப் பிறர் முன்னால் சொல்லும் ஆண்பிள்ளை எங்களில் எவன் இருந்தான்? நானே என் மனைவியை வேறு எப்படியும் சொன்னதில்லை. அது தெரியாமல் போகிற சொல்லா? தெரியும். கேட்க மனமில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு அடித்ததும் கதவைத் திறந்து துண்டை எடுத்தேன். அவர் தலைக்கட்டை அவிழ்த்தபடி எழுந்து வந்தார். நான் நிமிர்ந்து பார்க்காமலே, "எந்தத் தோட்டத்துக்குப் போறே?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்கு இல்லீங்க ஐயா, ஆஸ்பத்திரிக்குங்க. காலையில நான் வெட்டுக்குப் போன பொறவு புள்ள பொறந்துச்சு. ரத்தம் நிக்கலீங்க."

"ஏன்டா இதை முன்னாலேயே சொல்லலே?" என்று கத்தினேன்.

"சொன்னேங்களே ஐயா" என்றார்.

அவர் சொன்னதில் குற்றச்சாட்டு இல்லை, கோபம்கூட இல்லை. துண்டு எழுதிக் கையில் கொடுப்பதற்குப் பதில் நானே மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தைப் பார்த்த சிலர் பின்னாளில் என்னை நல்ல மனுஷன் என்று சொன்னார்கள். கரத்தை மலையிலிருந்து இறங்கி ஆற்றோரத்து ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது. பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் முந்தியிருந்தால் தாயும் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு துண்டைத் தொங்கவிடாமல் இருந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டே நாள் விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் கடிதங்கள் குவிந்துவிட்டன, தொங்கவிட்டேன். அந்த மாதக் கடைசியில் துரை என் கடிதங்களைப் பாராட்டினார். என் ஏற்பாட்டைப் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் சொன்னாராம். அங்கேயும் ஒரு கதவில் ஏதோ தொங்க ஆரம்பித்தது.

பால்வெட்டுக்காரர் மறுபடியும் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு வந்தார். கையில் பிள்ளையோடு ஒரு கிழவி கூட வந்திருந்தாள். பியூன் இந்தத் தடவை அவரை மரத்தடிக்கு விரட்டவில்லை. அவன் கதவைத் தட்டவும் நானே வெளியே வந்தேன். அவர் ஏற்கெனவே மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார். "உள்ளே வா, என்ன வேணும்?" என்றேன். துண்டு வேண்டும் என்றார். தோட்டத்தை விட்டுப் போகிற துண்டு. "வா, இப்பவே எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். "இருக்கட்டுங்க ஐயா. நேரம் முடியட்டும். இனி எனக்கு அவசரம் ஒண்ணுமில்லீங்க."

எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை. துண்டைக் கதவிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்போதும் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று என்னை எவரும் கூப்பிடவில்லை, துரையின் மணிகூட அடிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு முழுசாகக் கிடைத்தது. ஓர் எழுத்தும் எழுதவில்லை. பன்னிரண்டு அடித்த பிறகு அவர் வந்தார், வாங்கினார், கும்பிட்டார், போனார். எந்தத் தோட்டத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்தை விட்டுப் போகிற அந்தத் துண்டைப் பிறகு சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். நானும் வேலையை விட்டு வந்து ரம்புக்கனையில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகன் காலை ரயிலில் போய்விடுவான். மருமகள் அன்று நான் கத்தியதிலிருந்து கூப்பிட்டால் ஒழியப் பக்கத்தில் வருவதில்லை. நேற்றுப் பதினொரு மணிக்கு வாசற்கதவை அகலத் திறந்துவைத்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். துண்டு கொல்லைக் கொடியில் கிடந்தது. பன்னிரண்டு அடிக்கும்வரை ஒருவரும் வரவில்லை.