நின்ற மோட்டாரின் சத்தம்

பம்புசெட் சர்வீஸ் என்ஜினீயருக்குச் சோறு போடுவது காதுதான். திருப்புளியின் முனையை ஓடும் மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்போம். பேரிங் நன்றாக இருந்தால் சீரான ரீங்காரம். தேய்ந்திருந்தால், உள்ளே யாரோ உட்கார்ந்து மணலை மெல்வது போலக் 'கரகர'. மதுக்கரையிலிருந்து ஈரோடு வரை நான் ஒருவனே ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தவை இவை. வேலை நேரம் முடிந்தும் வேலை முடியாத அன்பர்களே, உங்களுக்கும் இதில் ஒன்றிரண்டு நேர்ந்திருக்கும்.

காலிப் பை

மதுக்கரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்றருகே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் கிரீஸ், விட்டுவிட்டேன். மறுபடி அதிர்ந்தது. ஆபீஸாகத்தான் இருக்கும் என்று கையைத் துடைத்துப் பைக்குள் விட்டேன். பை காலி. போன் தூரத்தில், காருக்குள் சார்ஜில் கிடந்தது. நெஞ்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு அடியில் அந்த இடம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்கார அம்மா கேட்டார்: "ஏனுங்க தம்பி, சட்டைக்குள்ள தேள் கீள் பூந்துக்கிச்சுங்களா?"

சூடான டீ

ஈரோட்டு டீலர் கடை முன்னால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோதுதான் ஈரோடு வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. "பெருந்துறைல ரோடு வேலை நடக்குதாமுங்க, ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டாங்களா?" என்று டீலர் விசாரித்தார். யோசித்தேன். பெருந்துறை நினைவில் இல்லை. அவினாசியும் இல்லை. காலையில் வீட்டு வாசலில் கார் கதவைச் சாத்தியது நினைவிருந்தது. அதன் பிறகு அன்றைக்கு ஆபீஸுக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் மட்டும்தான் மண்டைக்குள் ஓடியிருக்கின்றன. பக்கத்து இருக்கையில் ஒரு காகித டம்ளரில் பாதி டீ இருந்தது. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு. எங்கே இறங்கினேன், யாரிடம் வாங்கினேன், தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டீலர் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்ப வண்டிய ஓட்டிட்டு வந்தது யாருங்க?"

நாலாவது பம்பு

அதே வாரம் எங்கள் கம்பெனியின் சிங்காநல்லூர் பட்டறையில், மூன்று பம்புகளைக் 'கரகர' கேட்கிறது என்று கழற்றச் சொன்னேன். மூன்றிலும் பேரிங் புதிதாக மின்னியது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காதில் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், ஸ்டோருக்கு மாற்றித் தருகிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இன்று நல்லதைக் கெட்டது என்கிற காது, நாளைக்குக் கெட்டதை நல்லது என்று சொல்லி அனுப்பிவிடும். எங்கோ ஒரு தோட்டத்தில் பயிர் காயும். ஆனால் காது போனால் நான் யார்?

மறுநாள் நாலாவது பம்பு. திருப்புளியை வைத்தேன். இதுவரை கேட்காத அளவுக்குக் 'கரகர'. "பாய், பேரிங் போச்சு, கழட்டுங்க!" என்று கத்தினேன். பிட்டர் ரஹீம் பாய் நகரவில்லை. என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நான் இன்னும் சுவிட்சே போடலைங்க."

கொட்டாவி

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுவிட்ச் போடாத அந்த மோட்டாரிலேயே மறுபடி திருப்புளியை வைத்துக் கேட்டேன். உள்ளே எதுவோ மென்றுகொண்டே இருந்தது. அப்போது ஒரு கொட்டாவி வந்தது. சத்தம் சட்டென்று அறுந்தது. வாயை மூடினேன், வந்தது. திறந்தேன், நின்றது. கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டிருந்தன. எத்தனை நாளாக என்று தெரியாது. நான் அவற்றை அரைக்கச் சொல்லவும் இல்லை.

நம்பிக்கை வராமல், என் தாடையில் திருப்புளியை வைத்துக் கேட்கச் சொன்னேன். பாய் தயங்கித் தயங்கி வைத்தார். கேட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் நம்ம கம்பெனி வாரண்டி கிடையாதுங்க சார், லீவு போட்டுட்டுப் போயி டாக்டரைப் பாருங்க."

சிரித்தவன்

லீவு போட்டேன், டாக்டரைப் பார்த்தேன். ஈரோட்டுப் பக்கத்தை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன், கொடுத்தார். சாப்பிடும்போது போனை எடுப்பதில்லை. திரும்பி வந்து முதல் வேலை சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். வாயை நன்றாகத் திறந்துகொண்டு காதைக் கொடுத்தேன். 'கரகர'. பற்களுக்கிடையே விரலை வைத்துக்கொண்டு கேட்டேன். அப்போதும் 'கரகர'. என்ன ஆனாலும் சரி என்று கழற்றினேன். பேரிங் குண்டுகள் உண்மையாகவே அரித்துப் போயிருந்தன. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன்.

தோட்டக்காரர் இரண்டடி பின்னால் போய்ச் சொன்னார்: "ஏனுங்க, மோட்டார் போச்சுன்னு சொல்லிப்போட்டு இந்தச் சிரிப்புச் சிரிக்கறீங்களே, ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியந்தானுங்களே?"

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் முதலில் என் வாயைத்தான் திறக்கிறேன், பம்பை அப்புறம்தான்.