பச்சை டிக்

ஆசிரியர் பயிற்சி வகுப்பில் 'ப்ளெண்டட் லேர்னிங்' என்று சொல்லிக்கொடுத்ததைத் தென்காசியில் என் ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அதனால் கடைசியில் யாரையும் திட்ட முடியவில்லை.

ஆங்கிலச் சொற்களைப் பாதி வகுப்பில் சொல்லித்தருவேன். மீதியை வீட்டில் பெற்றோர் போனில் பிள்ளைகள் பழக வேண்டும். பள்ளி விட்டதும் பத்து சொல் அனுப்புவேன். பத்தையும் கேட்டுச் சரியாகப் பதில் போட்டவர் பெயருக்கு நேரே பட்டியலில் பச்சை டிக் விழும். ஒரு நாள் விட்டாலும் பெயர் கீழே போய்விடும் என்று பெற்றோர் கூட்டத்தில் மிரட்டியும் வைத்திருந்தேன்.

ஒரு மாணவியின் பெயர் மட்டும் இரண்டு மாதமாக மேலிருந்து இறங்கவே இல்லை. பூரித்துப்போய் அவளை ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் சேர்த்தேன். வகுப்புக்கு வந்த தலைமையாசிரியை முன்னால் அவளை நிறுத்தி, அந்த வாரச் சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டேன். நின்றாள். இன்னொன்று கேட்டேன். அதற்கும் நின்றாள்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் தலைமையாசிரியை. எனக்குச் சுருக்கென்றது.

"ஏட்டி, யாருட்டி உனக்குப் போட்டுத் தந்தா?" என்று வகுப்பே பார்க்கக் கத்தினேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கே கிளம்பினேன். குற்றாலம் பஸ்ஸில் சீசன் கூட்டம். தலையில் எண்ணெய் வழியக் குளிக்கப் போகிறவர்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு போனதில், ஏற்கெனவே இருந்த எரிச்சல் இரண்டு மடங்கானது.

கதவு திறந்திருந்தது. மடியில் தட்டை வைத்து அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா போனைக் காதோரம் பிடித்து ஓர் ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். இன்னிக்குப் பாதிதான் முடிச்சிருக்கேன்" என்றார், மாட்டிக்கொண்டோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"இத அவதான செய்யணும்?"

"அவ போட்டா தப்பாப் போயிருது டீச்சர், டிக்கு விழ மாட்டேங்கு. ஒரு நாளு விட்டாலும் பேரு கீழ போயிரும்னு நீங்கதான சொன்னீய? நான்னா பத்து தடவ கேட்டாவது சரியாப் போட்டுருதேன். அதுவரைக்கும் அவ என் பீடியச் சுத்துதா. பீடிக்கடைக்குக் கட்டுப் போவணும்லா."

பள்ளியில் கேட்ட அதே சொல்லைக் கேட்டேன். பொருள் சொன்னார். கேட்காமலே ஒரு வாக்கியமும் சொல்லிவிட்டு, "சரியா டீச்சர்?" என்றார். எட்டாவதோடு நின்றவர். சரி என்று சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வந்தது. மகள் படிக்க நான் செய்த ஏற்பாட்டில் மகள் பீடி சுற்றுகிறாள்.

பஸ் நிறுத்தம் வரை மாணவி கூடவே வந்தாள்.

"போட்டியில என் பேர எடுத்துருங்க டீச்சர். அம்மைய மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லிராதீங்க. அவளுக்கு அதுல ரொம்ப சந்தோசம்."

"அப்ப உனக்கு?"

"நான் இப்ப அம்மைய விட வேகமாச் சுத்துதேன்" என்றாள், பெருமையாக.

மறுநாள் அவள் பெயரைப் போட்டியிலிருந்து எடுத்தேன். யாருக்கும் சொற்கள் அனுப்பவில்லை. இனி வகுப்பிலேயே உட்கார வைத்துச் சொல்லித்தருவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஐந்து மணிக்கு அவள் அம்மா போன் செய்தார்.

"டீச்சர், இன்னிக்கு எனக்கு வார்த்த வரலியே?"