அத்தை வைத்த தீ

காட்டுத்தீயைத் தீயால் நிறுத்தலாம் என்று இப்போது அதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், என் அத்தை அதைச் செய்தபோது அவளுக்குக் கிடைத்தது வசவு.

முன்பெல்லாம் மலைக்காரர்கள் பனி ஈரம் இருக்கும்போதே புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்திவிடுவார்கள். வெள்ளைக்காரன் அதைக் குற்றமாக்கினான். நம் ஆட்களும் அதையே பிடித்துத் தொங்கினார்கள். புல்லும் உண்ணிச்செடியும் ஆளுயரம் மண்டி, கோடைதோறும் காடு எரிந்தது.

அத்தை வனத்துறையில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் தினக்கூலி. காட்டுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே செடியும் சருகும் செதுக்கி, வெறும் மண்ணாக விடுவதுதான் கோடு. எனக்கு எட்டு வயதில், ஒரு பங்குனி மத்தியானம், காற்று மலைத்தீயை எங்கள் தோட்டத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. கோடு போதாது என்று அத்தைக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம், காட்டோரம் இருந்த புல்லுக்கு அவளே தீ வைத்துக்கொண்டு போனாள். பெரிய தீ வந்து சேரும்போது தின்ன அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

எனக்கு அதெல்லாம் தெரியுமா? குடிக்கக் கொண்டுபோன குடத்துத் தண்ணீரை அவள் தீயில் ஊற்றினேன்.

“அம்மணி, ஊத்தாதே! அது நம்ம தீ! உட்ரு!” என்று கத்தினாள்.

ஊற்றி முடித்துவிட்டேன். நான் அணைத்த இடத்தில் புல் மிச்சம் நின்றது. அங்கே மட்டும் பெரிய தீ கோட்டைத் தாண்டி வந்து எங்கள் சோளத்தட்டுப் போரை எரித்தது. அப்பா மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தப்பிக்க வைத்தார். மற்ற இடமெல்லாம் மலைத்தீ வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் செத்தது. ஊரில் ஒரு வீடு கருகவில்லை.

ஜீப்பில் வந்த அதிகாரிக்கு எரிந்த போர்தான் கண்ணில் பட்டது.

“காவலுக்கு வெச்சா நீயே கொளுத்துவியா? உன் தீதானே போரை எரிச்சது?”

அப்பா பக்கத்தில் நின்றார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து விளாசுகிறவர். அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“ஆமாங்க. என்ற தீதானுங்க.”

“நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

நான் சும்மா இருக்கவில்லை. “நான்தானுங்க தண்ணி ஊத்துனேன்” என்று முன்னால் போய் நின்றேன்.

“இந்தப் புள்ளைக்கு இருக்கற அறிவு உனக்கில்லையே” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, அதிகாரி எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தைக்கும் ஒன்று நீட்டினேன். கரி பிடித்த கையால் வாங்கித் தின்றாள்.

“இனிமேல் தீ வைக்காதீங்க அத்தை” என்றேன்.

“செரிங்க அம்மணி.”

அவளைத் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மிச்ச பிஸ்கட்டையும் தின்றேன்.